மீன் காட்டும் பெட்டிக்குள் ஒரு திருவானைக்காவல்காரர்: சி.வி.ராமன் வாழ்க்கையும் கடல் கயாக்குக்கான ஃபிஷ் ஃபைண்டரும்

திருச்சிக்குக் கடல் கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் கார் கூரையில் கயாக்கைக் கட்டிக்கொண்டு, சுமார் 140 கி.மீ. தள்ளியிருக்கும் நாகப்பட்டினம் பக்கம் கிளம்பும் இளைஞர்கள் இப்போது உண்டு. தூண்டில், லைஃப் ஜாக்கெட் எல்லாம் வாங்கியாச்சு. அடுத்த கேள்வி, எந்த ஃபிஷ் ஃபைண்டர் வாங்குவது? கடைக்குக் கடை ஒரு பதில். பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்தால் தலை சுற்றும்.

அந்த எண்கள் எல்லாம் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியவை: தண்ணீருக்குள் ஒலி எப்படி நடந்துகொள்கிறது? அந்தக் கேள்விக்கு வாழ்க்கையில் பெரும்பகுதியைக் கொடுத்த ஒருவர், ஸ்ரீரங்கம் தீவிலேயே பிறந்தவர். சர் சி.வி.ராமன். ஒளிக்காக நோபல் வாங்கியவர் என்றுதான் பள்ளிப் புத்தகம் சொல்லும். ஒலிக்காக அவர் உழைத்த கதை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டால், ஃபிஷ் ஃபைண்டர் வாங்கும் வேலையும் பாதி சுலபம்.

நீர்த்தலத்தில் பிறந்த குழந்தை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவில் மேற்கே ஸ்ரீரங்கம், கிழக்கே திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்களில் தண்ணீருக்கு உரியது திருவானைக்காவல். ஜம்புகேஸ்வரர் சன்னதிக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அந்த ஊரில், தாய்வழித் தாத்தா வீட்டில், 1888 நவம்பர் 7 அன்று ராமன் பிறந்தார். தாத்தா சப்தரிஷி சாஸ்திரி சம்ஸ்கிருத அறிஞர். அப்பா சந்திரசேகர ஐயர் அப்போது திருச்சியில் பள்ளி ஆசிரியர். அம்மா பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் ராமன் இரண்டாவது.

1892-ல் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. பாடம் கணிதமும் இயற்பியலும். குடும்பம் ஆற்றங்கரையை விட்டுக் கடற்கரைக்குப் போனது. வீட்டில் அறிவியல் புத்தகங்களோடு சங்கீதமும் இருந்தது. அலை, தந்தி, அதிர்வு இவையெல்லாம் அந்தப் பையனுக்குப் பாடமாக வருவதற்கு முன்பே வீட்டு விஷயமாக வந்துவிட்டன.

படிப்பில் வேகம். 11 வயதில் மெட்ரிகுலேஷன். 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரி. 1904-ல் பி.ஏ., இயற்பியலில் தங்கப் பதக்கம். 1906 நவம்பரில், 18 வயதில், லண்டனில் வெளிவந்த ஃபிலசாஃபிகல் மேகஸீனில் முதல் ஆய்வுக் கட்டுரை. பையனை இங்கிலாந்துக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. அந்த ஊர்க் குளிர் இந்த உடம்புக்கு ஆகாது என்று சென்னை சிவில் சர்ஜன் மறுத்துவிட்டார். மிச்சமிருந்த நல்ல வழி அரசு உத்தியோகம்தான். 1907-ல் நிதித்துறைத் தேர்வில் முதலிடம். அதே ஆண்டு லோகசுந்தரியோடு திருமணம். கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரல் பதவி.

பகலில் கணக்கு, மற்ற நேரமெல்லாம் தந்தி

கல்கத்தா பவ்பஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, ஆராய்ச்சி செய்ய ஆள்தான் இல்லை. டிராமில் போகும்போது போர்டைப் பார்த்த ராமன் இறங்கி உள்ளே போனார். அன்றிலிருந்து காலையில் ஆபீஸுக்கு முன்னால் அங்கே, மாலையில் ஆபீஸ் முடிந்ததும் அங்கே. இன்றைக்கு சைடு பிராஜெக்ட் என்கிறோமே, அதுதான். பத்து வருடம், நடுவில் ரங்கூன், நாக்பூர் மாற்றல்களைத் தாண்டியும் அது நிற்கவில்லை.

அங்கே அவர் முதலில் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் ஒலி. வில்லை இழுக்கும்போது வயலின் தந்தி எப்படி அசைகிறது? மனிதக் கை ஒரே வேகத்தில் இழுக்காது என்பதால், வயலினை வாசிக்கும் இயந்திரம் ஒன்றையே செய்து அளந்தார். வீணை, தம்பூரா, மிருதங்கம் எதையும் விடவில்லை. சாதாரணத் தோலைத் தட்டினால் சுருதி சேராத இரைச்சல்தான் வரும். மிருதங்கத்தின் வலந்தலையில் ஒட்டும் கருப்புக் கரணைதான் அந்த அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி இசையாக்குகிறது என்பதை இயற்பியலாக நிறுவினார். 1927-ல் ஜெர்மனியில் வெளியான பெரிய இயற்பியல் கையேட்டில் இசைக் கருவிகள் பற்றிய பகுதியை எழுதியவர் அவர்தான்.

1917-ல் ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தது. கல்கத்தா பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவி கொடுத்தது. சம்பளம் அரசு வேலையைவிடக் கணிசமாகக் குறைவு. பதவி உயர்வு, பென்ஷன் எல்லாம் தெளிவாகத் தெரிந்த பாதையை விட்டுவிட்டு ராமன் அதற்குப் போனார். 28 வயது, குடும்பஸ்தர்.

கப்பல் மேல்தளத்தில் ஒரு சோதனை

1921-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பல்கலைக்கழகங்களின் மாநாடு. ராமனுக்கு அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடத்துக்குப் போனபோதும் சும்மா வரவில்லை. அங்கே கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கச் சுவரில் கேட்கும். ஒலி சுவரைத் தழுவி எப்படிப் போகிறது என்று சோதித்துப் பார்த்தார்.

கடல் ஏன் நீலம்? வானத்தின் நீலம் அதில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்பது அப்போது லார்ட் ரேலேயின் விளக்கம். ரேலே ஒலியியலின் பிதாமகர், ராமன் பெரிதும் மதித்தவர். ஆனாலும் ராமனுக்குச் சந்தேகம். திரும்பி வந்த நார்குண்டா கப்பலில், கையிலிருந்த நிக்கோல் பட்டகம் வழியாகக் கடலைப் பார்த்தார். குறிப்பிட்ட கோணத்தில் அது நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை வெட்டிவிடும். பிரதிபலிப்பு போனதும் கடல் நிறம் மங்க வேண்டுமே? இல்லை, நீலம் இன்னும் ஆழமாகத் தெரிந்தது. அப்படியானால் அந்த நீலம் வானத்திலிருந்து இரவல் வாங்கியது கிடையாது. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. கப்பலில் இருந்தபடியே எழுதிய குறிப்பு, நேச்சர் இதழில் வெளிவந்தது.

தூண்டில்காரர்கள் போடும் போலரைஸ்டு கண்ணாடி செய்வதும் இதே வேலைதான். மேற்பரப்பு மினுக்கத்தை வெட்டி, உள்ளே இருப்பதைக் காட்டுகிறது.

அந்தக் கடல் கேள்வி ராமனை விடவில்லை. மாணவர்களோடு சேர்ந்து சுமார் 60 திரவங்களைச் சுத்திகரித்துச் சோதித்தார். 1928 பிப்ரவரி 28 அன்று, கே.எஸ்.கிருஷ்ணனோடு செய்துவந்த ஆய்வில், சிதறும் ஒளியில் புதிய நிறங்கள் வருவது உறுதியானது. அதுதான் ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு.

ஒலியை ஒளியால் பார்த்தவர்

நோபலுக்குப் பிறகு ராமன் மறுபடி ஒலிக்குத் திரும்பினார். ஃபிஷ் ஃபைண்டர் கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் போனால் அல்ட்ராசோனிக், அதாவது மீயொலி. 1932-ல் அமெரிக்காவில் டிபை, சியர்ஸ், பிரான்ஸில் லூகா, பிகார் ஆகியோர் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். மீயொலி ஓடும் திரவத்துக்குள் ஒளியைக் குறுக்கே விட்டால், அது பல கதிர்களாகப் பிரிகிறது. ஏன் இத்தனை கதிர்கள் என்பதற்குத் திருப்தியான விளக்கம் இல்லை.

1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரான ராமன், இளம் ஆய்வாளர் நாகேந்திர நாத்தோடு சேர்ந்து 1935, 1936 ஆண்டுகளில் ஐந்து கட்டுரைகளில் இதை விளக்கினார். ஒலி போகும்போது திரவம் அடர்த்தி, தளர்வு, அடர்த்தி, தளர்வு என்று வரிவரியாகிறது. அடர்ந்த வரியில் ஒளி கொஞ்சம் தாமதமாகிறது. நேராக வந்த ஒளி அலை, தகரக் கூரை போல நெளிந்து வெளியேறுகிறது. அந்த நெளிவுதான் பல கதிர்கள். ராமன்-நாத் கோட்பாடு என்று இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. திரவத்துக்குள் ஓடும் மீயொலிக் கற்றையை ஒளியால் பார்த்து அளக்க முடிவது இந்த இயற்பியலால்தான்.

அப்போ சோனாரைக் கண்டுபிடித்தவர் ராமனா?

இல்லை. 1880-ல் பிரான்ஸில் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வருவதைக் கண்டார்கள். 1912-ல் டைட்டானிக் மூழ்கியதும், எதிரொலியால் பனிப்பாறையைக் கண்டறியும் யோசனைக்கு இங்கிலாந்தின் ரிச்சர்ட்சன் காப்புரிமை கேட்டார். முதல் உலகப் போரில் பிரான்ஸின் லாங்ஜெவின் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு நீர்மூழ்கிகளைத் தேடும் கருவியைச் செய்தார். 1948-ல் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள் அதே உத்தியை மீன் பிடிக்கத் திருப்பினார்கள். நடைமுறைக்கு உதவிய முதல் ஃபிஷ் ஃபைண்டர் அதுதான்.

ராமன் எந்தக் கருவியையும் விற்கவில்லை. திரவத்துக்குள் மீயொலி ஓடும்போது என்ன நடக்கிறது என்ற அறிவில் அவருடைய பங்கு இருக்கிறது. அந்த அறிவு இல்லாமல் எந்தப் பெட்டியையும் எடைபோட முடியாது.

பிடிவாதமும் அதன் விலையும்

ராமனோடு வேலை செய்வது எல்லோருக்கும் சுலபமாக இருக்கவில்லை. நிர்வாகத்தில் மோதல் முற்றி 1937-ல் இயக்குநர் பதவியை விட வேண்டியதாயிற்று. பேராசிரியராக அங்கேயே தொடர்ந்தார். பெண்கள் விஷயத்தில் அவர் நடந்துகொண்டது இன்று படிக்கவே சங்கடம். 1933-ல் கமலா சோஹோனியைப் பெண் என்பதாலேயே முதலில் சேர்க்க மறுத்தார். அவர் விடாமல் போராடியே இடம் வாங்கினார், பின்னாளில் பெயர் பெற்ற உயிர்வேதியியலாளர் ஆனார்.

1940-ல் ராமன் ஆய்வகத்துக்கு வந்தவர் அன்னா மணி. அங்கே வைரங்களை ஆராய்ந்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லிப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தரவில்லை. பின்னர் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, மழைமானி முதல் காற்றுமானி வரை கிட்டத்தட்ட நூறு கருவிகளுக்கு நம் நாட்டிலேயே தரம் நிர்ணயித்தார். தப்பாக அளக்கும் கருவி, கருவியே இல்லாததைவிட மோசம் என்ற எண்ணம்தான் அவர் வேலையின் அடிப்படை. ஆசிரியர் ஆராய்ந்தது இயற்கையை, மாணவி சரிபார்த்தது கருவியை. கடலுக்குப் போகிறவருக்கு இரண்டு பாடமும் வேண்டும்.

சரி, கயாக்குக்கு எதை வாங்கலாம்?

ஃபிஷ் ஃபைண்டர் மீனைப் பார்ப்பதில்லை. கீழே ஒரு சத்தம் அனுப்புகிறது, எதிரொலிக்குக் காத்திருக்கிறது. கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். 0.02 நொடியில் எதிரொலி திரும்பினால் ஆழம் 15 மீட்டர். மீதியெல்லாம் பெட்டியின் ஊகம். இதை மனதில் வைத்தால் கேட்க வேண்டிய கேள்விகள் தானாக வரும்.

அலைவரிசை: 200 கிலோஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 7.5 மில்லிமீட்டர், நுணுக்கம் அதிகம். 50 கிலோஹெர்ட்ஸில் 3 சென்டிமீட்டர், நுணுக்கம் குறைவு, ஆனால் ஆழமாகப் போகும். கடல்நீரில் கரைந்திருக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் இந்த ஒலியை உறிஞ்சுகிறது. அதனால் நல்ல தண்ணீரில் போகும் தூரம் உப்புத் தண்ணீரில் போகாது. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் ஆழம் ஏரிக்கா, கடலுக்கா என்று கேளுங்கள். கரையோரம் 30 மீட்டருக்குள் சுற்றும் கயாக்குக்கு 200 தாராளம். 455, 800 கிலோஹெர்ட்ஸ் இமேஜிங் வசதி படம் போலக் காட்டும், ஆனால் கடலில் அதன் எட்டும் தூரம் குறைவு.

சிர்ப்: நாதஸ்வரத்தில் ஒரே சுரத்தில் நிற்காமல் கீழிருந்து மேலே இழுத்து ஊதுவது போல, ஒரு அலைவரிசைத் தொகுப்பையே அனுப்பும் முறை இது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மீன்களைப் பிரித்துக் காட்டும். தரையை ஒட்டி நிற்கும் மீனும் தெரியும். பட்ஜெட் இடம் கொடுத்தால் இதற்குச் செலவு பண்ணலாம்.

கூம்பு: ஒலி கீழே போகப்போக விரியும். 20 டிகிரி கூம்பு, 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 3.5 மீட்டர் அகல வட்டத்தைத்தான் பார்க்கும். திரையில் மீன் தெரிந்தால் அது நேர் கீழே என்று அர்த்தமில்லை, அந்த வட்டத்துக்குள் எங்கேயோ என்றுதான் அர்த்தம்.

காற்று: மீயொலி தண்ணீரிலிருந்து காற்றைத் தொட்டால் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பிவிடும். மீன் வயிற்றுக் காற்றுப்பைதான் பலமான எதிரொலி கொடுப்பது. மத்திக் கூட்டம் பளிச்சென்று தெரிவது அதனால்தான். வஞ்சிரத்துக்குக் காற்றுப்பை கிடையாது, அதனால் மங்கலாகவே தெரியும். வஞ்சிரம் தேடுகிறவர்கள் மத்திக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம். இதே காரணத்தால், டிரான்ஸ்டியூசருக்கும் கயாக்கின் அடிப்பகுதிக்கும் நடுவே ஒரு காற்றுக் குமிழி சிக்கினாலும் கருவி குருடாகிவிடும். ஸ்கேன் சென்டரில் வயிற்றில் ஜெல் தடவுவதும் இதற்குத்தான். பாலிஎதிலீன் கயாக் என்றால் ஓட்டை போடாமல் உள்பக்கமே குமிழி இல்லாமல் ஒட்டலாம். ஆனால் அப்போது அது காட்டும் தண்ணீர் வெப்பநிலையை நம்பாதீர்கள்.

உப்பு: ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்பு அரிப்பு வேறு சங்கதி. பின்களும் கனெக்டர்களும் எந்த உலோகம், மூடி இருக்கிறதா, இந்தியாவில் சர்வீஸ் உண்டா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கணும்.

பேட்டரி: அரை ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு 7 ஆம்பியர்-அவர் பேட்டரி கணக்குப்படி 14 மணி நேரம் வரும், பழைய லெட் ஆசிட் என்றால் அதில் பாதியை நம்பினால் போதும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் எடை குறைவு, விலை அதிகம்.

திரை: கடையில் போலரைஸ்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டே திரையைப் பாருங்கள். சில திரைகள் குறிப்பிட்ட கோணத்தில் முழுக் கருப்பாகிவிடும். நார்குண்டா கப்பலில் ராமனுக்கு உதவிய அதே தத்துவம் இங்கே உபத்திரவம் செய்யும்.

மீன் பொம்மை: திரையில் குட்டி மீன் படம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். குமிழி, பாசி எல்லாவற்றுக்கும் அது மீன் படம் போடும். மூல எதிரொலியைப் படிக்கப் பழகுவதே நல்லது.

கடைசியாக, சோதனை. தூண்டில் நூலில் ஈயக் கட்டியைக் கட்டிக் கீழே விட்டு, ஆழத்தை அளந்து, திரையோடு ஒப்பிடுங்கள். காவிரியில் சோதித்துவிட்டுக் கடலுக்குப் போனால், உப்புநீர் செட்டிங்குக்கு மாற்ற மறக்காதீர்கள். எவ்வளவு நல்ல கருவியானாலும் அது லைஃப் ஜாக்கெட்டுக்கோ வானிலை எச்சரிக்கைக்கோ ஈடு கிடையாது.

கடைசி வரை கேள்வி

1948-ல் ராமன் பெங்களூருவில் சொந்தமாக ஒரு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். 1954-ல் பாரத ரத்னா. 80 வயதைத் தாண்டியும் பூக்களின் நிறம், கண் பார்வை என்று ஆராய்ச்சி ஓயவில்லை. 1970 நவம்பர் 21 அன்று காலமானார். அந்த நிறுவனத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அந்த இடத்தில் சமாதி கட்டவில்லை, ஒரு மரம்தான் நிற்கிறது.

ரேலே சொன்னார் என்பதற்காகக் கடலின் நீலத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை, சின்னப் பட்டகத்தை எடுத்துத் தானே பார்த்தார். விற்பனையாளர் சொல்வதையும் திரை காட்டுவதையும் அதே மாதிரி ஒருமுறை சோதித்துவிட்டு நம்பினால், பணமும் மிச்சம், கடலில் ஆபத்தும் குறைவு.